அரக்கில் ஒட்டிய சாம்பல்

"வைப்பரைத் தொடாதே!" என்றாள் ஒர்சோலா.

மிம்மோ கையை இழுத்துக்கொண்டான். காரின் முன்கண்ணாடி முழுக்க வளைவு வளைவாகக் கீறல்கள். எட்னா எரிமலை துப்பிய கறுப்புச் சாம்பலை வைப்பர் போட்டுத் துடைத்ததற்குக் கிடைத்த கூலி.

"திங்கட்கிழமை சாயங்காலம் ஜஃபெரானாவுக்கு ஒரு பொண்ணைப் பார்க்கப் போயிருந்தேன் அத்தை. மலையம்மாவுக்குப் பொறுக்கல. கார் மேல ஒரு கூடை மணலைக் கொட்டிட்டா."

"ஆபீஸ் நேரத்துல அத்தை கிடையாது."

"சரிங்க மேடம். பொண்ணைப் பார்க்கப் போயிருந்தேன் மேடம்."

"பொண்ணு என்ன சொன்னா?"

"முதல்ல காரைக் கழுவிட்டு வான்னா."

ஒர்சோலா சிரிக்கவில்லை. கத்தானியா துறைமுகச் சுங்க இலாகாவில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது சிகரெட்டா, சீஸா என்று சொல்லிவிடுகிற மூக்கு. வேலையை விட்டுவிட்டு ஒரு துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தபோது, கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்த தம்பி மகனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். "பாடினால் கேஸ் கொடுப்பேன்" என்பது மட்டும்தான் நிபந்தனை.

மலையின் வடக்குச் சரிவில் பழைய பாண்டா கார் முனகிக்கொண்டே ஏறியது. இருபக்கமும் கறுப்புக் கல் அடுக்கிய படிநிலங்கள். ஒவ்வொரு படியிலும் அறுவடைக்குக் காத்திருக்கும் திராட்சைக் கொடிகள்.

வெனேரா குத்ரோனா வாசலிலேயே நின்றிருந்தாள். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்து, மிம்மோ பாக்கெட்டில் கைக்குட்டை தயாராக வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை உள்ளே தள்ளிவிட்டான். அவள் அழுகிற நிலையைத் தாண்டி, யாரையாவது அடிக்கிற நிலையில் இருந்தாள்.

"என் ஒயின்ல மருந்து கலந்திருக்காம்!" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "எனக்கு! திராட்சையைத் தவிர வேற ஒண்ணையும் பீப்பாய்க்குள்ள விடாத எனக்கு!"

"மெதுவா, முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள் ஒர்சோலா.

வெனேரா சொன்னாள், மெதுவாக இல்லை. இந்த வட்டாரத்தில் இயற்கை முறையில் ஒயின் செய்கிற சிறு விவசாயிகளுக்கு ஒரு சங்கம் உண்டு. வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்கக் கூடாது, கெடாமலிருக்கச் சல்பைட் பொடி போடக் கூடாது. வருஷா வருஷம் சங்கத்தின் செயலாளர் வந்து எல்லோருடைய பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்துப்போய்ச் சோதனைக்கு அனுப்புவார். இந்த முறை எல்லோரும் தேறிவிட்டார்கள். வெனேராவின் மாதிரியில் மட்டும் சல்பைட். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குச் சங்கம் கூடி அவளை நீக்கப்போகிறது.

"நீக்கினா என்ன ஆகும்?" என்றான் மிம்மோ.

"கோபன்ஹேகன்ல ஒரே ஒரு கடைக்காரர் என் சரக்கு முழுசையும் எடுத்துக்கிறார். சங்கத்து முத்திரை இல்லாத பாட்டிலை அவர் தொடமாட்டார். அதுகூடப் போகட்டும். நாளைக்குச் சந்தைக்குப் போனா எல்லாரும் என்னை என்னன்னு கூப்பிடுவாங்க? பைத்தியக்காரின்னு கூப்பிட்டிருக்காங்க, பொறுத்துக்கிட்டேன். ஏமாத்துக்காரின்னா பொறுக்கமாட்டேன்."

"நிலவறையைப் பார்க்கலாமா?"

கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு தொங்கிய சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள் வெனேரா. உள்ளே குளிர்ந்த இருட்டு. செஸ்ட்நட் மரப் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பழ ஈக்கள் மிம்மோவின் காதுக்குள் புகுந்து நலம் விசாரித்தன.

"இதுக்கு ஒரு ஸ்ப்ரே அடிக்கலாமே," என்றான் அவன், முகத்துக்கு முன்னால் கையை வீசியபடி.

வெனேரா அவனைப் பார்த்த பார்வையில், அந்த ஸ்ப்ரேயை யார் மேல் அடிக்கலாம் என்ற யோசனை தெரிந்தது.

"மாதிரி எடுத்தது எந்தப் பீப்பாய்ல?" என்றாள் ஒர்சோலா.

"இதோ, இந்தக் கடைசிப் பீப்பாய்."

ஒர்சோலா அதன் அருகே போய் நின்றாள். குனிந்தாள். மூடியைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். பிறகு விரலால் மூடியின் ஓரத்தைத் தடவி அந்த விரலை மிம்மோவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். விரல் நுனியில் ஒயினில் ஊறிச் செத்த ஓர் ஈ.

"வாழ்க்கையை அனுபவிச்சவன்," என்றான் மிம்மோ.

"இவன்தான் நம்ம முதல் சாட்சி. சல்பைட்டோட காட்டம் இந்த ஈக்களுக்கு ஆகாது. அந்தப் பொடி விழுந்த பீப்பாய் பக்கம் ஒண்ணுகூட எட்டிப் பார்க்காது. இங்கே பார், திருவிழாக் கூட்டம். வெனேரா, இந்தப் பீப்பாய் சுத்தம்."

வெனேரா சட்டென்று பக்கத்துப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ லேப்ல பொய் சொல்றாங்களா?"

"லேப்புக்கும் உங்க மேல பகையில்லை. அவங்ககிட்ட வந்த பாட்டில்ல சல்பைட் இருந்திருக்கு. பீப்பாய்க்கும் லேப்புக்கும் நடுவுல யாரோ கைவெச்சிருக்காங்க. மாதிரி எடுத்தப்போ கூட யார் இருந்தாங்க?"

"செயலாளர் பேராசிரியர் பல்சாமோ. நானும் அவரும் மட்டும்தான். திங்கட்கிழமை மத்தியானம் வந்தார். ரெண்டு பாட்டில்ல பிடிச்சார். கையால அழுத்துற தக்கையைப் போட்டு, என் அடுப்புலேயே சிவப்பு அரக்கைக் காய்ச்சி, பாட்டில் தலையை அதுல முக்கி எடுத்தார். ஒண்ணு லேப்புக்கு, ஒண்ணு சங்கத்து அலமாரிக்கு. நேரா கத்தானியா போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினார். யோக்கியமான மனுஷன். இதெல்லாம் அத்தீலியோ வேலை! பணத்தைக் கொடுத்து நடுவுல யாரையோ பிடிச்சிருக்கான்."

"யார் அத்தீலியோ?"

வெனேரா வாசல் வழியாகக் கீழே கையைக் காட்டினாள். சரிவின் அடிவாரத்தில் நீச்சல்குளத்தோடு ஒரு மாளிகை. பின்னால் எவர்சில்வர் ஒயின் தொட்டிகள் வெயிலில் கண்ணைக் குத்தின.

"என் நிலத்தைக் கேட்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்புவான். என்னைச் சங்கத்தைவிட்டு நீக்கினா வேற வழியில்லாம விப்பேன்னு கணக்கு."

ஒர்சோலா அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் ஒயின் பிடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல வேற யாரும் இல்லையா?" என்றாள், கிளம்பும்போது.

"ஒரு அண்ணன் இருக்கான், சிரீனோ. மிலோ ஊர்ல பார் வெச்சிருக்கான். போன வருஷம் அவன் பார்ல குடிச்சிட்டு ஒருத்தனை அறைஞ்சு, போலீஸ் வரைக்கும் போய், ஊரெல்லாம் சிரிச்சுது. அதோட பேச்சில்லை." அவள் கதவை இழுத்துப் பூட்டினாள். "அவனை விடுங்க. அத்தீலியோவைப் பிடிங்க."

*

அத்தீலியோ மதியச் சாப்பாட்டில் இருந்தார். குளக்கரையில் குடை, குடைக்குக் கீழே மேஜை, மேஜைக்குப் பின்னால் வெள்ளை லினன் சட்டைக்குள் அடங்காத ஒரு வயிறு. கத்தரிக்காய்ப் பொரியலை வாயில் போட்டபடியே உட்காரச் சொன்னார்.

"வெனேரா விஷயமா? கேள்விப்பட்டேன். பாவம்."

"உங்களுக்கு லாபம்தானே?" என்றாள் ஒர்சோலா.

"சீஞோரா, நான் வியாபாரி. கேட்டேன், தரமாட்டேன்னா. அடுத்த வருஷமும் கேப்பேன். அதுக்காகப் பொடி தூவுற ஆள் நான் இல்லை."

மேஜையில் அவருடைய பெயரும் குலச்சின்னமும் பொறித்த பாட்டில் ஒன்று திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் பாதியளவு சிவப்பு ஒயின். மிம்மோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அத்தை பக்கம் சாய்ந்து முணுமுணுத்தான்.

"மேடம், நம்ம சாட்சிகள் இங்கேயும் வந்திருக்காங்க."

ஜாடியின் வாயைச் சுற்றி நாலைந்து ஈக்கள் வட்டமடித்தன. குலச்சின்னம் போட்ட பாட்டில் அனாதையாக நின்றது. ஒரு ஈகூட அதைச் சீண்டவில்லை.

ஒர்சோலா கேட்காமலே ஜாடியை எடுத்து மோந்தாள். அத்தீலியோவின் கை கத்தரிக்காயோடு பாதி வழியில் நின்றது.

"இது வெனேராவோட ஒயின்," என்றாள்.

"அது... நட்புக்காக..."

"நட்புக்காக வாங்கினவர் லேபிளை ஏன் மறைக்கணும்? ஜாடியில் ஊத்தி, பக்கத்துல உங்க பாட்டிலைக் காவலுக்கு ஏன் நிறுத்தணும்?"

அத்தீலியோ நாப்கினால் வாயைத் துடைத்தார். வேலைக்காரப் பெண் சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்தார்.

"வெளியே சொல்லிடாதீங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. "என் ஒயினைக் குடிச்சா எனக்குத் தலை வலிக்குது. என் டிரைவரோட மாமியார் பேர்ல மாசாமாசம் அவகிட்டேர்ந்து வாங்கறேன்."

மிம்மோ வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் பிரயோசனமில்லை.

"சிரிங்க, பரவாயில்லை. ஆனா ஒண்ணு யோசிங்க. அவ நிலம் என் கைக்கு வந்தா, அதுல ஒயின் செய்யப்போறது யாரு? என் ஆளுங்க. அப்புறம் நான் எதைக் குடிக்கிறது?"

"அப்போ எதுக்கு வருஷாவருஷம் ஆள் அனுப்பறீங்க?" என்றான் மிம்மோ.

"அனுப்பாட்டி ஊர்ல என்ன நினைப்பாங்க? அத்தீலியோ நொடிச்சுட்டான்னு நினைக்க மாட்டாங்களா?"

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மிம்மோ ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தான். ஒர்சோலா மணியைப் பார்த்தாள்.

"சிரிச்சு முடிச்சுட்டியா? வண்டியைச் சங்கத்துக்கு விடு. கைமாறினது பாட்டில். பாட்டிலைப் பார்க்கணும்."

*

லிங்வகுளோஸ்ஸா ஊரில் சங்கத்தின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. பேராசிரியர் பல்சாமோ நெட்டையான மனிதர், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு வில் டை. மாலைக் கூட்டத்துக்கு நாற்காலிகளைத் தானே வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வருத்தம்தான்," என்றார். "வெனேராவை நான் மகள் மாதிரி நினைச்சேன். ஆனா விதின்னா விதிதான். சங்கத்து விதிகள் அத்தனையும் நானே எழுதினது."

"அந்த ரெண்டாவது பாட்டிலைக் காட்ட முடியுமா?"

அவர் அலமாரியைத் திறந்து பாட்டிலைக் கொண்டுவந்தார். தலையில் சிவப்பு அரக்கு, கழுத்தில் வெனேராவின் பெயர் எழுதிய சீட்டு. ஒர்சோலா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னொரு கையில், நிலவறையில் பிடித்துவந்த குப்பி. குப்பியில் இருந்தது மாதுளை நிறம். பாட்டிலில் இருந்தது சாயம் போன சட்டை மாதிரி வெளுத்திருந்தது.

"ஒரே பீப்பாய், ரெண்டு நிறம். சல்பைட் சிவப்பை வெளுக்கவைக்கும். பாட்டிலுக்குள்ள போனப்புறம்தான் பொடி விழுந்திருக்கு, புரொபசர்."

"இருக்க முடியாது. அரக்கு உடையவே இல்லையே!"

"உடைச்சிட்டு மறுபடி முக்கலாமே." அவள் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அரக்கின் மேல் வைத்தாள். பார்த்தாள். கண்ணாடியை மிம்மோவிடம் கொடுத்தாள்.

சிவப்பு அரக்குக்குள் கடுகைவிடச் சின்னதாக, பளபளக்கும் கறுப்புத் துணுக்குகள். மிம்மோவுக்கு அவற்றை நன்றாகத் தெரியும். காரின் கண்ணாடியை நாசமாக்கிய அதே ஆசாமிகள்.

"சாம்பல்!"

"அரக்கு சூடா, இளகி இருந்தப்போ விழுந்து உள்ளே மாட்டிக்கிச்சு," என்றாள் ஒர்சோலா. "புரொபசர், நீங்க இதை முத்திரை வெச்சது எப்போ?"

"திங்கட்கிழமை மத்தியானம். வெனேரா வீட்டு அடுப்படியில்."

"மலை துப்பினது?"

பல்சாமோ கணக்குப் போடுவதற்குள் மிம்மோ சொன்னான்.

"அன்னிக்குச் சாயங்காலம். அதுவும் காத்து கிழக்கே அடிச்சதால, கிழக்குச் சரிவுல மட்டும். மிலோ, ஜஃபெரானா, அவ்வளவுதான். வெனேரா வீட்டுக் கூரை சுத்தமா இருந்தது. கத்தானியாவுலயும் ஒரு பொட்டு விழல. விழுந்திருந்தா எங்க பக்கத்து வீட்டம்மா எங்க அத்தை மேல கேஸ் போட்டிருப்பாங்க."

"ஆக," என்றாள் ஒர்சோலா, "நேரா கத்தானியா போன பாட்டில், கிழக்குச் சரிவுல சாம்பல் மழையில் நனைஞ்சிருக்கு. விதியெல்லாம் எழுதினவர் சொல்லுங்க. எப்படி?"

பேராசிரியர், தான் போட்ட நாற்காலிகளில் ஒன்றிலேயே உட்கார்ந்தார். வில் டையைத் தளர்த்தினார்.

"மாதிரி பாட்டில் செயலாளரின் கையைவிட்டு ஒரு கணமும் விலகக் கூடாது," என்றார், பாடம் ஒப்பிக்கிற குரலில். "நாலாவது விதி. நானேதான் எழுதினேன். சீஞோரா, அன்னிக்கு நான் மிலோவுல ஒரு பாருக்குக் கிரனீத்தா சாப்பிடப் போனேன். பாதாம் கிரனீத்தா. ஜில்லுனு ஐஸ், ஒரே சர்க்கரை. டாக்டர் இனிப்பே கூடாதுன்னுட்டார், வீட்டுல தெரிஞ்சா சண்டை. அதனால ஊரைச் சுத்தி அங்கே போறது வழக்கம். சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதே மலை கத்த ஆரம்பிச்சுடுச்சு. ரோடெல்லாம் சாம்பல், வண்டியெல்லாம் வழுக்குது, போலீஸ் பாதையை மூடிட்டாங்க. ராத்திரி அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கிட்டேன். பாட்டில் பெட்டி சூட்டுல கெட்டுடக்கூடாதேன்னு, அந்தப் பார்ல குளிரான சரக்கறை ஒண்ணு இருந்துது, அதுல வெச்சேன்."

"யார் பார்?"

"சிரீனோவோட பார்."

ஒர்சோலா மிம்மோவைப் பார்த்தாள். மிம்மோ கவனிக்கவில்லை. பாட்டிலை மூக்கோடு மூக்காக வைத்து, அரக்கை ஆழமாக மோந்துகொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"மேடம், நீங்க ஒயினை மோப்பம் பிடிக்கிறவங்க. நான் பலகாரத்தை மோப்பம் பிடிக்கிறவன். இந்த அரக்குல இலவங்கப்பட்டை வாசனை வருது. வறுத்த பாதாமும் சர்க்கரையும்கூட. இந்த அரக்கைக் காய்ச்சினது பாதாம் மிட்டாய் கிண்டுற சட்டியில்!"

ஒர்சோலா பாட்டிலை வாங்கி மோந்தாள். அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

"சிரீனோங்கிறது யார் தெரியுமா, புரொபசர்?"

"பார்க்காரர்..."

"வெனேராவோட அண்ணன்."

*

மிலோவில் தெருவெல்லாம் கறுப்பாக இருந்தது. சனங்கள் கூரைகளிலிருந்து சாம்பலைக் கூட்டி மூட்டையாகக் கட்டி ஓரம் வைத்திருந்தார்கள். சிரீனோவின் பாரில் அந்த நேரத்தில் ஆள் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் அகலமான தோள்களும் நரைத்த மீசையுமாக ஒருவர், எலுமிச்சைத் தோலைச் சர்க்கரைப் பாகில் முக்கிக்கொண்டிருந்தார்.

பின்கட்டுத் திறந்த முற்றத்தில் ஓர் அடுப்பு. அடுப்பின் மேல் அடிப்பிடித்த செம்புச் சட்டி. சட்டியின் விளிம்பில் சிவப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்து அலமாரியில் வீட்டிலேயே செய்த மாண்டரின் ஆரஞ்சு மதுப் பாட்டில்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு அரக்கு.

மிம்மோவுக்கு ஆத்திரமாக வந்தது. கூடப்பிறந்தவளுக்கு இப்படிச் செய்கிறவன் எந்த மாதிரி மனிதன்? நிலத்தில் பங்கு கேட்டிருப்பான். கிடைத்திருக்காது.

"ரெண்டு பாதாம் கிரனீத்தா," என்றாள் ஒர்சோலா. "அப்புறம், திங்கட்கிழமை உங்க தங்கச்சி பாட்டில்ல போட்டீங்களே, அந்தப் பொடியைக் காட்டுங்க."

சிரீனோவின் கையிலிருந்த கரண்டி பாகுக்குள் விழுந்தது. அவர் ஓடவில்லை, மறுக்கவில்லை. கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். திறந்ததும் தீக்குச்சி உரசின வாடை.

"எலுமிச்சைத் தோல் கறுக்காம இருக்கப் போடறது," என்றார். "எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க சட்டி சொல்லிச்சு," என்றான் மிம்மோ. "தங்கச்சி தலையில் மண்ணை வாரிப்போட எப்படிங்க மனசு வந்துது?"

"மண்ணா?" சிரீனோ அவனைப் புரியாமல் பார்த்தார். "தம்பி, நான் காப்பாத்தினேன்!"

அவர் இரண்டு கிரனீத்தாக் கிண்ணங்களோடு கவுண்டரைச் சுற்றி வந்து அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"போன வருஷம் அவ ஒயினை இங்கே வித்தேன். அந்தக் கோடை வெயிலுக்குக் கொஞ்சம் பாட்டில் புளிச்சுப்போச்சு. ஒருத்தன் ஒரு வாய் குடிச்சிட்டு, இதோ, இந்தத் தரையில் துப்பினான். துப்பிட்டு, 'உன் தங்கச்சி காலைக் கழுவின தண்ணியை பாட்டில்ல ஊத்தி விக்கறாளா'ன்னான். அறைஞ்சேன். நல்லா அறைஞ்சேன். போலீஸ் வந்தது."

"குடிச்சிட்டு அடிச்சதா இல்ல அவங்க சொன்னாங்க?" என்றான் மிம்மோ.

"நான்தான் அங்கே இருந்தவங்களை அப்படிச் சொல்லச் சொன்னேன். அவன் சொன்ன வார்த்தை அவ காதுக்குப் போகணுமா? ராவும் பகலும் அந்தக் கொடிகளோட கிடக்கிறவ. குடிகாரன்னு என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்." அவர் மீசையைத் துடைத்தார். "திங்கட்கிழமை புரொபசர் பெட்டியை வெச்சிட்டுப் போனார். பார்த்தா அவ பேர் எழுதின பாட்டில். போட்டிக்குப் போகுதுன்னு நினைச்சேன். சத்தியமா! பெரிய மனுஷங்க ருசி பார்த்து மார்க் போடுவாங்க, இந்த வெயில்ல வழியிலேயே புளிச்சிட்டா மறுபடி எவனாவது துப்புவான்னு... ரெண்டு பாட்டில்லயும் ஒரு சிட்டிகை போட்டு, பழையபடி அரக்குல முக்கி வெச்சேன். சாம்பல் கொட்டிக்கிட்டிருந்தது, அவசரம்."

மிம்மோ கிரனீத்தாவைத் தள்ளி வைத்தான்.

"உங்க சிட்டிகையால இன்னிக்கு அஞ்சு மணிக்கு அவங்களைச் சங்கத்தைவிட்டு நீக்கப்போறாங்க," என்றாள் ஒர்சோலா. "அது போட்டி இல்லை. அந்தப் பொடி இருக்கான்னு பார்க்கிற சோதனை."

சிரீனோ எழுந்து ஏப்ரனைக் கழற்றினார்.

"அந்த அறைஞ்ச விஷயத்தை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றார். "மத்ததை நானே வந்து சொல்றேன்."

*

அவர்கள் மருந்துக்கடை மாடியில் ஏறியபோது கூட்டம் ஆரம்பித்திருந்தது. ஐம்பது விவசாயிகள், ஐம்பது விதமான முணுமுணுப்பு. முதல் வரிசை ஓரத்தில் வெனேரா முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் பை. யாரும் அவள் அருகே உட்கார்ந்திருக்கவில்லை.

பல்சாமோ எழுந்து நின்றிருந்தார். வில் டை கழுத்தில் இல்லை. "தீர்மானத்துக்கு முன்னால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது," என்று அவர் ஆரம்பிக்க, சிரீனோ அவரைத் தாண்டி நேராக முன்னால் போய்விட்டார்.

"பொடியைப் போட்டது நான்," என்றார். "பாட்டில்ல போட்டேன். பீப்பாய் சுத்தம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

சபை கொதித்தது. "சொந்த அண்ணனா!", "பங்குத் தகராறா இருக்கும்!", "போலீஸைக் கூப்பிடு!" ஒர்சோலா மேஜையில் பாட்டிலையும் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு நிறத்தையும் காட்டினாள். அரக்கையும் சாம்பலையும் நாலு வாக்கியத்தில் சொன்னாள். மிலோவின் கிரனீத்தாவைப் பல்சாமோ தானே ஒப்புக்கொண்டார். பிறகு எல்லோரும் வெனேராவைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். அண்ணன் எதிரே போய் நின்றாள். ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த மூச்சையெல்லாம் இழுத்துக்கொண்டாள்.

"குடிகாரனா ஒரு தடவை மானத்தை வாங்கினே. பத்தலையா உனக்கு? எனக்கும் உனக்கும் என்ன பகை? நான் உன் சோத்துல மண்ணைப் போட்டேனா? உன் பார்ல வந்து கத்தினேனா? வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டா!"

சிரீனோ வாயைத் திறக்கவில்லை. மலை மாதிரி நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டிருந்தார். கண் மட்டும் ஓரமாக மிம்மோவைப் பார்த்தது. சொல்லாதே.

ஒர்சோலாவும் மிம்மோவைப் பார்த்தாள். இருபது வருஷம் சுங்க இலாகாவில் ரகசியம் காத்த பார்வை. சொல்லாதே.

கல்யாண வீட்டில் பாடுகிறவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை, எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறப்பது.

"அவர் அன்னிக்குக் குடிக்கவே இல்லைங்க," என்றான். குரல் மாடி முழுக்க எட்டியது. "உங்க ஒயினை ஒருத்தன் தரையில் துப்பிட்டு உங்களைப் பத்தித் தப்பாப் பேசினான். அதுக்குத்தான் அறைஞ்சார். நீங்க கேட்டா மனசு உடைஞ்சுடுவீங்கன்னு, குடிகாரன்னு தன் பேரைத் தானே கெடுத்துக்கிட்டார். இந்தப் பொடியும் அதே கதைதான். மறுபடி எவனும் துப்பிடக் கூடாதுன்னு போட்டது."

கீழே மருந்துக்கடையின் மணி அடித்தது கேட்டது.

வெனேரா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு விவசாயி கரகரத்த குரலில், "புதுசா மாதிரி எடுங்கப்பா. இந்தத் தடவை ரெண்டு பேராப் போங்க. ரெண்டு பேருக்கும் இனிப்பு பிடிக்கக்கூடாது," என்றார். சிரிப்பு எழுந்தது. பல்சாமோவும் சிரித்தார். கைகள் மளமளவென்று உயர்ந்தன. ஒரு கையும் தாழ்ந்திருக்கவில்லை.

வெனேராவுக்கு அது எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

"என்ன சொன்னான் அவன்?" என்றாள் அண்ணனிடம்.

"விடு."

"என் ஒயின் நிஜமாவே புளிச்சிருந்துதா?"

சிரீனோ தயங்கினார். "கொஞ்சம்," என்றார்.

"ரொம்பவேன்னு சொல்லு. நாலு பாட்டில் இங்கேயும் அப்படித்தான் போச்சு. வெயில்ல வெச்சா அப்படித்தான் ஆகும், குளிர்ல வைன்னு உனக்கு எத்தனை தடவை சொன்னேன்?" அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்தக் கன்னத்துல அறைஞ்சே?"

"இடது."

"ஒண்ணுதானா?"

"போலீஸ் வந்துட்டாங்க."

"உன்னால எதையும் முழுசாச் செய்ய முடியாது," என்றாள் வெனேரா. முதல் வரிசைக்குத் திரும்பிப் போய், பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள். "நிக்காதே. உட்காரு."